பறந்தலை

போர்களுக்கு ஊர்ப்பெயர் வைப்பதுதான் நம் வழக்கம். கரிகாலன் வென்றது வெண்ணிப் பறந்தலையில், பிறகு வாகைப் பறந்தலையில். பாண்டியன் நெடுஞ்செழியனோடு தலையாலங்கானம் அடைமொழியாகவே ஒட்டிக்கொண்டது. பின்னாளில் பானிபட், பிளாசி, வந்தவாசி. எவ்வளவு சின்ன ஊராக இருந்தாலும் அங்கே ஒரு குளம் இருக்கும், கோயில் இருக்கும், ஆடு மேய்க்கிற யாராவது ‘இங்கேதான்’ என்று கை நீட்டிக் காட்டுவார்கள். 1991 பிப்ரவரி 26ஆம் தேதி தென் இராக்கில் நடந்த டாங்கிப் போருக்கு அப்படி ஒரு பெயர் அமையவில்லை. ராணுவ வரைபடத்தில் தெற்கு வடக்காகக் கிலோமீட்டருக்கு ஒன்றாகக் கோடுகள் ஓடும். கிழக்கே நகர நகர எண் கூடும். அவற்றில் 73 என்று எண்ணிட்ட கோட்டை ஒட்டி நடந்ததால் அதற்கு ‘73 ஈஸ்டிங்’ என்று பெயர். கோடு காகிதத்தில்தான் இருந்தது. தரையில் மணலும் சரளையும்.

பறந்தலை என்ற சொல்லுக்கு அகராதியில் பாழ்நிலம் என்று பொருள் இருக்கும், போர்க்களம் என்று இருக்கும், சுடுகாடு என்றும் இருக்கும். மூன்றுக்கும் ஒரே சொல் போதும் என்று நினைத்த மொழிக்காரனுக்கு இந்த எண் பெயர் முதலில் வறட்டுத்தனமாகத்தான் பட்டது. படிக்கப் படிக்க அபிப்பிராயம் மாறியது. அங்கே சண்டை போட வந்தவர்கள் அந்த நிலத்தைப் பார்க்கவில்லை. எண்ணைப் பார்த்தார்கள், கண்ணாடிக்குள் பச்சையாக ஒளிர்ந்த வெப்பத்தைப் பார்த்தார்கள். அதனால் வென்றார்கள்.

அந்தப் பிப்ரவரி எனக்கு நினைவிருக்கிறது. ஜனவரி கடைசியில் தமிழ்நாட்டில் ஆட்சியைக் கலைத்திருந்தார்கள். டீக்கடைப் பேச்சு முழுக்க அதுதான். வளைகுடாப் போர் இரண்டாம் பக்கச் செய்தி. சந்திரசேகர் அரசு அமெரிக்க ராணுவ விமானங்களுக்கு இங்கே பெட்ரோல் போட்டுவிட்டது என்ற சர்ச்சை கொஞ்ச நாள் முதல் பக்கத்துக்கு வந்து போனது. குவைத்திலிருந்து ஜோர்டான் வழியாக விமானத்தில் கொண்டுவரப்பட்ட லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களில் நம்மவர்களும் உண்டு. கையில் ஒரு பையோடு வந்து இறங்கியவர்களுக்கு இந்தப் போர் செய்தி அல்ல. மற்றவர்களான எங்களுக்கு அது தொலைக்காட்சியில் தெரிந்த பச்சை நிற இரவு, அதில் ஏறி இறங்கும் வெள்ளைப் புள்ளிகள். டாங்கிகள் மோதியது பற்றி யாரும் பேசியதாக ஞாபகமில்லை. தரைப்போர் தொடங்கி நூறு மணி நேரத்தில் முடிந்துவிட்டதால் பேச நேரமும் இருக்கவில்லை.

அந்த டாங்கிப் போரை நடத்தியது அமெரிக்காவின் இரண்டாவது கவசக் குதிரைப்படை ரெஜிமென்ட். 1836இல் ஃப்ளோரிடாவின் சதுப்பு நிலங்களில் செமினோல் பழங்குடியினரை எதிர்க்கத் திரட்டிய படை. குதிரை போய் நெடுங்காலம் ஆகிவிட்டது. விசேஷ நாட்களில் மாட்டிக்கொள்ளும் தொப்பியும் குதிமுள்ளும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. நம்மிடமும் இந்த விநோதம் உண்டு. ஆற்காட்டு நவாபின் சேவகத்தில் 1776இல் தொடங்கிய குதிரைப்படைதான் இன்று இந்திய ராணுவத்தின் 16ஆவது லைட் கேவல்ரி; தென்னிந்தியர்களைச் சேர்த்துக்கொள்ளும் அந்தப் படை இப்போது ஓட்டுவது டாங்கி. குதிரைப்படை என்ற பெயர் விலங்கை விட்டு வேலையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த வேலை, பெரும்படைக்கு முன்னால் போய் எதிரி எங்கே நிற்கிறான், எத்தனை பேர், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறான் என்று கண்டு சொல்வது. சுருக்கமாக, வேவு.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த ரெஜிமென்ட் ஜெர்மனியில் இருந்தது. நியூரம்பெர்க்கில் தலைமையகம். கிழக்கு ஜெர்மனி, செக்கோஸ்லோவாகியா எல்லைகளை ஒட்டிய காடுகளில் ரோந்து. என்றாவது ஒருநாள் அந்த மரங்களுக்கு நடுவிலிருந்து சோவியத் டாங்கிகள் வரும் என்று அப்பன் காலத்திலிருந்து காத்திருந்த படை. 1989 நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது. காவல் காத்த எல்லையே இல்லாமல் போயிற்று. சரியாக ஒரு வருடம் கழித்து, 1990 நவம்பரில், பாலைவனத்துக்குப் போகும்படி உத்தரவு. காட்டுப் பச்சை பூசிய வண்டிகள் கப்பலேறின. சவூதித் துறைமுகங்களில் அவற்றுக்கு மணல் நிறம் அடித்தார்கள். ஜெர்மன் காட்டில் வராத சோவியத் டாங்கி இராக் மணலில் புதைந்தபடி அவர்களுக்காகக் காத்திருந்தது. வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது நல்ல நகைச்சுவையா என்பதில்தான்.

அந்த ரெஜிமென்ட் ஓட்டிய எம்1ஏ1 டாங்கிக்குள் நான்கு பேர். முன்னால் ஓட்டுநர், பல் வைத்தியர் நாற்காலியில் சாய்ந்த மாதிரி மல்லாந்த நிலையில். மேலே கூண்டுக்குள் வலது பக்கம் கன்னர். அவர் முதுகுக்குப் பின்னால், கிட்டத்தட்ட அவர் தோளில் முழங்கால் இடிக்கும்படி, கமாண்டர். பீரங்கியின் அடிப்பக்கத்துக்கு இடது புறம் லோடர். லோடருக்கு மட்டும்தான் நிற்க இடம். முழங்காலால் ஒரு விசையைத் தட்டினால் பின்பக்கக் குண்டு அறையின் கனத்த இரும்புக் கதவு சரக்கென்று விலகும்; இருபது கிலோவை ஒட்டிய குண்டை உருவித் திருப்பிப் பீரங்கிக்குள் தள்ளுவதற்குள் கதவு தானே மூடிக்கொள்ளும். தேர்ந்த லோடர் இதை ஐந்து விநாடியில் முடிப்பார். அந்தக் கதவில்தான் நால்வரின் உயிரும் இருக்கிறது. குண்டு அறை தீப்பிடித்தால் வெடிப்பு மேல்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு வெளியே போகும், உள்ளே வராது.

எஞ்சின் விமான எஞ்சின் போன்ற டர்பைன். 1,500 குதிரைச் சக்தி. தூரத்திலிருந்து கேட்டால் டாங்கி வருகிற உறுமல் இருக்காது, ஒரு சீழ்க்கைதான். ஆனால் நின்றாலும் குடிக்கும், ஓடினாலும் குடிக்கும். ஏறக்குறைய இரண்டாயிரம் லிட்டர் பிடிக்கிற தொட்டிகள் எட்டு மணி நேரத்துக்குத் தாங்கினால் அதிகம். அதனால் பாலைவனப் போர் என்பது உண்மையில் எரிபொருள் லாரிகளின் போர். அந்த நான்கு நாளும் டாங்கிகளுக்குப் பின்னால் மணலில் சிக்கிச் சிக்கி ஓடி, இரவில் விளக்கில்லாமல் குழாய் மாட்டிய லாரி ஓட்டுநர்களைப் பற்றி யாரும் புத்தகம் எழுதுவதில்லை.

ரசாயனத் தாக்குதல் வரும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. கரித்தூள் அடைத்த கனத்த உடுப்பை நாள் முழுக்கக் கழற்றாமல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நரம்பு விஷத்துக்கு முன்காப்பாக எட்டு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை. அந்த மாத்திரையும், எண்ணெய்க் கிணற்றுப் புகையும், மார்ச் மாதம் கமிசியாவில் அமெரிக்கர்களே தெரியாமல் வெடித்தழித்த சரின் ராக்கெட்டுகளும் பிற்பாடு பெரிய விவகாரமாயின. போருக்குப் போன சுமார் ஏழு லட்சம் அமெரிக்கர்களில் நாலில் ஒருவருக்குக் காரணம் சொல்ல முடியாத தளர்ச்சியும் வலியும் மறதியும் வந்ததாக அரசு அமைத்த குழுவே 2008இல் ஒப்புக்கொண்டது. ஒரு குண்டு கூடப் படாமல் திரும்பியவர்கள் இவர்கள்.

எதிரில் இருந்தது இராக்கின் குடியரசுக் காவல் படை. அதில் தவக்கல்னா டிவிஷன். ‘இறைவனையே நம்பினோம்’ என்று பொருள். நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் ‘தவக்கல்’ என்ற சொல் புழங்கக் கேட்டவர்களுக்கு அந்தப் பெயரின் கனம் உடனே புரியும். குவைத்துக்குள் முதலில் நுழைந்த படைகளில் இதுவும் ஒன்று. பாவம் அறியாத படை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிப்ரவரி 26 அன்று அதற்கு இடப்பட்ட வேலை வேறு. குவைத்திலிருந்து வெளியேறுவதாக சதாம் ஹுசேன் அன்றுதான் வானொலியில் அறிவித்தார். ஓடி வருகிறவர்களுக்கு முதுகுக் காப்பாக மேற்கு நோக்கித் திரும்பி நிற்பது தவக்கல்னாவின் பங்கு. கட்டாயத்தில் சேர்க்கப்பட்ட சிப்பாய்கள் வெள்ளைத் துணி காட்டிக் கூட்டம் கூட்டமாகச் சரணடைந்துகொண்டிருந்த வாரத்தில், இவர்கள் நின்றார்கள்.

அங்கிருந்த இராக்கிய அதிகாரி ஒருவர் அமெரிக்காவின் ஃபோர்ட் பென்னிங்கில் காலாட்படைப் பயிற்சி பெற்றவர் என்று மெக்மாஸ்டர் பின்னால் எழுதியிருக்கிறார். ஈகிள் ட்ரூப் என்ற பிரிவின் கேப்டனாக அன்றைக்குக் களத்தில் இருந்த அதே மெக்மாஸ்டர்தான், 2017இல் அமெரிக்க அதிபரின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஆனவர். அந்த இராக்கியருக்குத் தன் தொழில் தெரியும். மேட்டின் உச்சியில் டாங்கிகளை நிறுத்தாமல், கண்ணுக்கே தெரியாத ஒரு மெல்லிய மேட்டின் மறு சரிவில் நிறுத்தினார்; மேடேறி வருகிறவன் ஒவ்வொருவனாகத் தலைகாட்டும்போது அடிக்கலாம். சாலை ஒரு சின்னக் குடியிருப்பின் வழியாகப் போனது, அதையும் அரணாக்கினார். தடமில்லாத பாலைவனத்தில் எவனும் வழி கண்டு வர மாட்டான், சாலையைப் பிடித்துத்தான் வருவான் என்பது அவர் கணக்கு. அந்த நிலத்தில் பிறந்து வளர்ந்தவனின் நியாயமான கணக்கு. வந்தவர்களோ கையடக்கக் கருவியில் செயற்கைக்கோளிடம் வழி கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஜி.பி.எஸ். அப்போது முழுசாகக்கூட ஏவி முடிக்கப்படவில்லை. எல்லா வண்டியிலும் இல்லை. ஆனாலும் போதுமானதாக இருந்தது. நிலம் தெரிந்தவனை நிலம் தெரியாதவன் வழியறிவில் தோற்கடித்த நாள் அது. இன்று பக்கத்துத் தெருவுக்குக் கைப்பேசியில் வழி கேட்டுப் போகும்போதெல்லாம் அந்த இராக்கியரை நினைத்துக்கொள்கிறேன்.

அன்று மணற்புயல். ஹெலிகாப்டர்கள் பறக்க முடியவில்லை. வெறுங்கண்ணுக்குச் சில நூறு மீட்டருக்கு அப்பால் பழுப்புத் திரை. ஈகிள் ட்ரூப்பில் ஒன்பது டாங்கிகள், பன்னிரண்டு பிராட்லி கவச வண்டிகள், ஏறக்குறைய 140 பேர். மாலை நாலு மணி வாக்கில் குடியிருப்பிலிருந்து சூடு வந்தது. திருப்பிச் சுட்டு அடக்கிவிட்டு, டாங்கிகளை முன்னால் விட்டு, ஆப்பு வடிவில் கிழக்கே நகர்ந்தார்கள். நாலே காலைத் தாண்டி, மெக்மாஸ்டரின் டாங்கி அந்த மெல்லிய மேட்டின் மேல் ஏறியது. மறு சரிவில் டி-72 டாங்கிகள் வரிசையாக நின்றன. முதல் டாங்கி ஏறக்குறைய 1,400 மீட்டரில். கன்னர் சுட்டார். அடுத்தது. அதற்கடுத்தது. மூன்றுக்கும் பத்து விநாடி அளவுதான் ஆயிற்று. பிறகு மற்ற எட்டு டாங்கிகளும் மேடேறின.

70ஆம் கோட்டைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு இருந்தது. துணை அதிகாரி ரேடியோவில் அதை நினைவூட்டினார். நிற்க முடியாது, எதிரி பிடியில் இருக்கிறான், மேலிடத்தில் வருத்தம் தெரிவித்துவிடு என்று பதில் போனது. 73ஐத் தாண்டித்தான் நின்றார்கள். 23 நிமிடம். டாங்கிகள் மட்டும் 28 எரிந்துகொண்டிருந்தன. கவச வண்டிகளும் லாரிகளும் தனிக் கணக்கு. ஈகிள் ட்ரூப்பில் ஒருவர்கூடச் சாகவில்லை.

ஏன் அப்படி? மாயமாகச் சொல்ல வேண்டியதில்லை, விஷயம் கைக்கு எட்டுகிற இடத்திலேயே இருக்கிறது. அமெரிக்க டாங்கியின் வெப்ப நோக்கிக்குப் புயலும் புகையும் பெரிய தடையில்லை. சூடான எதுவும் குளிர்ந்த மணலிலிருந்து பிரிந்து ஒளிரும். எஞ்சின் ஒளிரும், மனிதனும் ஒளிர்வான். எதிரில் இருந்தவர்களுக்கு வந்தவர்கள் தெரியவில்லை. சுட்ட இடத்தில் மின்னிய தீயைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சுட்டார்கள். அதைவிடப் பரிதாபம், பல இராக்கியச் சிப்பாய்கள் அந்த நிமிடத்தில் டாங்கிக்குள்ளேயே இல்லை. ஐந்து வாரத்துக்கு மேலாக வானிலிருந்து டாங்கியைக் குறிவைத்துத்தான் குண்டு விழுந்துகொண்டிருந்தது. எனவே டாங்கியை விட்டுத் தள்ளிப் பதுங்கு குழியில் இருப்பதே பிழைக்கிற வழி. சத்தம் கேட்டு அவர்கள் தங்கள் டாங்கியை நோக்கி ஓட வேண்டியிருந்தது.

பிறகு அந்த மணல். டாங்கிக்குப் பள்ளம் வெட்டி உடலை மண்ணுக்குள் இறக்கி, வெட்டிய மண்ணைப் பரப்பி மறைப்பது முறை. தவக்கல்னா படையினர் பல இடங்களில் மண்ணைத் தள்ளி டாங்கிக்கு முன்னால் குவித்ததோடு விட்டுவிட்டார்கள். அமெரிக்கக் குண்டு ஈட்டி மாதிரி ஒல்லியான ஒரு கம்பி. செறிவிழந்த யுரேனியத்தால் ஆனது. அதற்கு உதிரி மணல் ஒரு பொருட்டே இல்லை. குவியலையும் துளைத்து, பின்னால் இருந்த இரும்பையும் துளைத்து, சிலவற்றில் மறுபக்கமும் வெளியேறியது. ஆனால் சமவெளியில் அந்தக் குவியல் நல்ல அடையாளம். ஒளிந்துகொள்ளக் குவித்த மணலே இங்கே இருக்கிறோம் என்று காட்டிக்கொடுத்தது.

வெற்றி இப்படித்தான் சொல்லப்படுகிறது, பெரும்பாலும் இதோடு நிற்கிறது. இருட்டின பிறகு நடந்தது கதைக்கு அவ்வளவு தோதுப்படாது. வடக்கே அதே ரெஜிமென்ட்டின் கோஸ்ட் ட்ரூப் மேல் இராக்கியர்கள் திரும்பத் திரும்ப வந்து மோதினார்கள், இரவு வெகுநேரம் வரை. அங்கே ஒரு பிராட்லி அடிபட்டு அதன் கன்னர், ஒரு சார்ஜென்ட், இறந்தார். நள்ளிரவையொட்டிப் பின்னாலிருந்து முதலாவது காலாட்படை டிவிஷன் இவர்களின் வரிசைக்குள் ஊடுருவி முன்னே போனது. அந்த இருட்டில் அமெரிக்கரை அமெரிக்கரே சுட்டதும் நடந்தது. வளைகுடாப் போர் முழுவதிலும் சண்டையில் இறந்த 148 அமெரிக்கர்களில் 35 பேர் தங்கள் பக்கத்துக் குண்டால் இறந்தவர்கள். வெப்ப நோக்கி சூட்டைக் காட்டும். யாருடைய சூடு என்று அதற்குத் தெரியாது.

விடிந்ததும் அவர்கள் வண்டியை விட்டு இறங்கினார்கள். இங்கேதான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன். முந்தின நாள் ஒன்றரைக் கிலோமீட்டரில் பச்சைப் புள்ளியாக இருந்தது இப்போது பக்கத்தில். டி-72இன் உடல் ஒரு இடம், கூண்டு வேறு இடம். காரணம் அதன் வடிவமைப்பு. லோடர் என்ற நாலாவது ஆளே வேண்டாம் என்று சோவியத் பொறியாளர்கள் முடிவு செய்து, குண்டை எடுத்துப் போட ஒரு சுழலும் இயந்திரம் வைத்தார்கள். ஆள் குறைந்ததால் டாங்கி குட்டையாயிற்று, எடை குறைந்தது, தூரத்திலிருந்து சுலபத்தில் தெரியாது, விலையும் மலிவு. அந்த இயந்திரம் கூண்டின் அடியில் இருக்கிறது. அதில் 22 குண்டுகள் வட்டமாக, ராட்டினத்தில் அடுக்கிய மாதிரி. அந்த வட்டத்தின் மேல்தான் கன்னரும் கமாண்டரும் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே ஒரு துண்டு எரி இரும்பு போனால் போதும். பல டன் கூண்டு பாட்டில் மூடியைப் போலத் தூக்கி எறியப்படும். அமெரிக்க டாங்கியில் குண்டுக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது என்று சொன்னேனே, இங்கே அந்தக் கதவு இல்லை.

காயம்பட்ட இராக்கியர்களுக்கு அமெரிக்க மருத்துவர்கள் சிகிச்சை தந்தார்கள். சரணடைந்தவர்களை உட்காரவைத்துத் தண்ணீரும் பொட்டலச் சாப்பாடும் கொடுத்தார்கள். இதை யாரும் பெருமைக்காகச் சேர்த்துக்கொண்ட வரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், நடந்ததுதான். நேற்று புள்ளி, இன்று தண்ணீர் கேட்கிற ஆள். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு இருபது வயதுப் பையன் மனசுக்குள் என்ன செய்துகொண்டிருப்பான் என்பதை எந்த ராணுவப் பள்ளியும் பாடத்தில் வைப்பதில்லை.

சண்டையைத் தொடர்ந்திருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. மெக்மாஸ்டர் சேர்ந்திருந்த ஸ்க்வாட்ரனில் நடவடிக்கைகளுக்குப் பொறுப்பாக இருந்த டக்ளஸ் மக்ரெகர் 2009இல் ஒரு புத்தகமே எழுதினார். தளபதிகள் தயங்கித் தயங்கி நிறுத்தியதால் குடியரசுக் காவல் படையின் பெரும்பகுதி தப்பித்துவிட்டது என்பது அவர் கோபம். இந்த ரெஜிமென்ட் சேர்ந்திருந்த படைத் தொகுதியின் தலைவர் ஃபிரெட் ஃபிராங்க்ஸ், 1970இல் கம்போடியாவில் காயப்பட்டு ஒரு காலை இழந்த பிறகும் பொய்க்காலோடு பணியில் நீடித்தவர். தன் ஆட்களின் உயிரை எண்ணி எண்ணிச் செலவழித்த ஜெனரல். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தப்பித்த படை அடுத்த மாதம் என்ன செய்தது என்பதை மறைக்கவும் முடியாது.

மார்ச் 3ஆம் தேதி சஃப்வானில் சமரசப் பேச்சு. பாலங்கள் உடைந்து கிடப்பதால் ஹெலிகாப்டர் ஓட்ட அனுமதி வேண்டும் என்று இராக்கியத் தளபதிகள் கேட்டார்கள். ஜெனரல் ஷ்வார்ஸ்காஃப் கொடுத்தார். அதே வாரங்களில் பஸ்ரா, நசிரியா, நஜஃப், கர்பலா என்று தெற்கு முழுக்க ஷியாக்கள் சதாமுக்கு எதிராக எழுந்தார்கள். எழச் சொல்லிக் குரல் கொடுத்தது அமெரிக்க அதிபர் புஷ். அடக்கியது மிச்சமிருந்த குடியரசுக் காவல் படையும் அனுமதி பெற்ற ஹெலிகாப்டர்களும். அமெரிக்கப் படை அப்போது தென் இராக்கிலேயேதான் இருந்தது. சோதனைச் சாவடிக்குத் தீக்காயத்தோடும் குழந்தைகளோடும் வந்தவர்களுக்குக் கட்டுப் போட்டு, தண்ணீர் கொடுத்து, அதற்கு மேல் தலையிட உத்தரவில்லாமல் நின்றது. 23 நிமிடத்தில் ஒரு அரணையே துடைத்தெறிந்த சேனை வாரக்கணக்கில் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றது. கவசக் குதிரைப்படையின் பாலைவன அனுபவம் என்று யாராவது கேட்டால், நான் இதையும் அதோடு சேர்த்துத்தான் சொல்வேன். சாகசப் புத்தகங்கள் ஒன்றை மட்டும் சொல்கின்றன.

2005இல் மெக்மாஸ்டர் கர்னலாகி மூன்றாவது கவசக் குதிரைப்படை ரெஜிமென்டோடு மீண்டும் இராக் போனார். இந்த முறை தல் அஃபர் என்ற ஊர். சந்து பொந்துகள், ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருந்த சமூகங்கள், யார் எதிரி என்று எந்தக் கண்ணாடியும் சொல்லாத தெருக்கள். அங்கே நிமிடக் கணக்கு செல்லவில்லை, மாதங்கள் பிடித்தன. டீ குடித்துப் பேச வேண்டியிருந்தது.

தொல்காப்பியர் புறத்திணைகளை அகத்திணைகளோடு ஜோடி சேர்க்கும்போது வெற்றியைப் பாடும் வாகைக்குப் பாலையைத் துணையாக்குகிறார். குறிஞ்சிக்கு வெட்சி, முல்லைக்கு வஞ்சி என்பதெல்லாம் எளிதில் விளங்கிவிடும். மலையும் காடும் கவர்தலுக்கும் படையெடுப்புக்கும் ஏற்ற இடங்கள். வெற்றிக்கு ஏன் பிரிவின் நிலம்? உரையாசிரியர்கள் காரணம் சொல்லியிருக்கிறார்கள். கல்லூரியில் தேர்வுக்காக அதைப் படித்து எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன், மனதில் தங்கவில்லை. தென் இராக்கைப் பற்றிப் படித்த பிறகு அந்த ஜோடி என்னை விட்டுப் போக மறுக்கிறது.

கடைசியாக ஒரு விசித்திரம். போர் ஓய்ந்த கொஞ்ச நாளிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் களத்துக்குப் போனார்கள். டாங்கித் தடங்களை அளந்தார்கள், எரிந்த வண்டிகள் கிடந்த இடத்தைக் குறித்தார்கள், சண்டை போட்டவர்களை உட்காரவைத்து நிமிடம் நிமிடமாகக் கேட்டார்கள். ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா அதையெல்லாம் கணினியில் ஏற்றி மொத்தப் போரையும் திரும்ப நிகழ்த்தியது. எந்த நொடியிலும் நிறுத்தலாம். மேலே பறந்து பார்க்கலாம். எதிரி டாங்கிக்குள்ளேயே போய் உட்கார்ந்து அங்கிருந்து பார்க்கலாம். ஸ்டீஃபன் பிடில் என்ற ஆய்வாளர் அதை வைத்து ‘இன்டர்நேஷனல் செக்யூரிட்டி’ இதழில் 1996இல் ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். வெப்ப நோக்கியை அமெரிக்கர்களிடமிருந்து பிடுங்கிவிட்டு ஓட்டினால் என்ன ஆகும்? இராக்கியர்கள் பள்ளத்தை ஒழுங்காக வெட்டியிருந்தால்? முன்காவல் ஆட்கள் முன்கூட்டியே எச்சரித்திருந்தால்? ஒவ்வொன்றிலும் அமெரிக்கச் சாவுகள் ஏறின. கருவி மட்டும் வெல்லவில்லை, ஒரு பக்கத்தின் தேர்ச்சியும் மறுபக்கத்தின் தவறுகளும் அந்தக் கருவியோடு சேர்ந்ததால்தான் இந்த முடிவு என்றார். சரியான வாதம். மந்திரக் கண்ணாடி கிடைத்துவிட்டது என்று துள்ளியவர்கள் அதைக் கவனமாகப் படித்திருந்தால் 2003க்குப் பின் கொஞ்சம் நிதானமாக நடந்திருக்கக்கூடும்.

அந்தக் கணினிக் களத்தில் ஒவ்வொரு டி-72ம் நின்ற இடத்தில் நிற்கிறது, சரியான நொடியில் எரிகிறது. இரும்பை அவ்வளவு கவனமாக எண்ணினார்கள். ஆட்களை எண்ணவில்லை. இராக்கியர் எத்தனை பேர் செத்தார்கள் என்று 1991 மார்ச்சில் கேட்டபோது, அந்த எண்ணில் தனக்குப் பெரிய அக்கறையில்லை என்றார் அமெரிக்க முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவர் காலின் பவல்.

சென்னைக்கு மேற்கே ஆவடியில், கனரக வாகனத் தொழிற்சாலையில் நாமும் டி-72 செய்திருக்கிறோம். சோவியத் உரிமத்தில் செய்த அதற்கு நாம் வைத்த பெயர் அஜேயா, வெல்ல முடியாதது. இராக்கில் எரிந்தவை ஆவடியில் செய்தவை அல்ல. ஆனால் வடிவம் ஒன்றுதான். அதே குட்டையான உடல், அதே ராட்டினம், அதே 22 குண்டு. எங்காவது அதைப் பார்க்கக் கிடைத்தால் கூண்டுக்கும் உடலுக்கும் இடையில் ஓடும் அந்த மெல்லிய இடுக்கைப் பாருங்கள். முன்னால் ஓட்டுநர், மேலே வலப்பக்கம் கமாண்டர், இடப்பக்கம் கன்னர். ஒரு டாங்கிக்கு மூன்று பேர்.